எதிர்வெயிலில் ஒரு கழனி: லென்ஸ் ஃப்ளேர் பற்றிச் சில குறிப்புகள்

எங்க ஆயாவுக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதுவும் "வீணாப்போன" போட்டோ.

ஆயா என்றால் அப்பாவோட அம்மா. 1976-ல் இறந்துவிட்டார், நான் பிறப்பதற்கு முன்னாடியே. அந்தப் படம் சதுரமான கருப்பு வெள்ளைப் படம். கழனியில் நெல், நெல்லுக்கு நடுவில் வரப்பில் ஒரு பெண், அவருக்குப் பின்னால் தூரத்தில் அண்ணாமலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மோரைக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு வெளுப்பு. வலது பக்கம் கீழே அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. எடுத்தது எங்க அப்பா. அப்போது அவருக்கு 17 வயசு. நெய்வேலியில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்த அக்ஃபா கிளிக் கேமரா, 120 ரோல், ஒரு ரோலுக்கு 12 படம். அதில் 11 படம் நன்றாக வந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "சூரியனப் பாத்து எவனாவது படம் புடிப்பானா?" என்று கேட்டாராம். ஐம்பது வருஷம் கழித்தும் அப்பா அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகர டப்பாவில் அந்த ரோலோட நெகட்டிவ் கிடைத்தது. ஓரத்தில் பூஞ்சை, ஆனால் ஆயா இருக்கிற கட்டம் தப்பித்திருந்தது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு எனக்கு மூன்று கேள்விகள் வந்தன. அந்தக் கழனி எங்கே இருந்தது? (விற்று நாற்பது வருஷம் ஆகிறது, இடம் பற்றி வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.) படம் எப்போது எடுத்தது? அந்த வெளுப்புக்குப் பின்னால் முகம் இருக்கிறதா, இல்லையா? இதற்காகப் படிக்கப் போய்த்தான் லென்ஸ் ஃப்ளேர் என்ற விஷயத்தின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் வெளிச்சம் முழுசாக உள்ளே போவதில்லை. சாதாரணக் கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடும். ராத்திரி பஸ் ஜன்னலில் நம்ம முகம் தெரிகிறதே, அது இந்த 4 சதவீதம்தான். லென்ஸுக்குள் ஒரு பரப்பில் திரும்பிய வெளிச்சம் இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி ஃபிலிம் பக்கம் போகும். நாலில் நாலு சதவீதம், அதாவது 625-ல் ஒரு பங்கு. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் சூரியன் வெயில் பட்ட வயலைவிடச் சில லட்சம் மடங்கு பிரகாசமானது. லட்சத்தில் 625-ல் ஒரு பங்கு என்றால் சும்மாவா? அது ஒரு திட்டாக விழுந்தால் ஆங்கிலத்தில் கோஸ்ட் என்பார்கள், பேய். எங்க படத்தில் வலது கீழே இருக்கும் அவரைக்கொட்டை அதுதான். திட்டாக இல்லாமல் லென்ஸின் உள்சுவர், தூசி, கைரேகை எல்லாவற்றிலும் சிதறிப் படம் முழுக்கப் படர்ந்தால் அது திரை. ஆயாவை மறைத்தது இந்தத் திரை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரியன் படத்துக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டகத்துக்கு வெளியே இருந்தாலும் அதன் வெளிச்சம் லென்ஸின் முகத்தில் பட்டால் போதும். எங்க படத்திலும் சூரியன் உள்ளே இல்லை.

இந்தத் தொல்லை புகைப்படக்கலை பிறந்தபோதே கூடப் பிறந்தது. நம்ம பக்கத்துக்கு அதன் ஆரம்பம் லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர், 1856-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியில் கிளம்பிச் சேலம் பக்கம், ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் தொகுப்புகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியவர் இவர்தான். கல்வெட்டு ஆர்வலர்கள் டிரைப்புக்கு ஒரு கும்பிடு போடலாம். திருவண்ணாமலைக்கு அவர் தனித்தொகுப்பு போடவில்லை, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசையும். கோபுரத்துக்கு அளவாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாக வந்துவிடும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். அவர் படங்களில் நாம் ரசிக்கிற மேகங்களில் பல அவர் கைவேலை. வானத்தையே தாங்க முடியாத ஊடகத்தில் சூரியனை எங்கே வைப்பது? நான் பார்த்தவரை அவர் படம் எதிலும் சூரியன் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலை கோயில், கோட்டை, அரண்மனை. நெல்லும் மல்லாட்டையும் அரசாங்கத்துக்குப் படம் எடுக்கிற விஷயமாகத் தெரியவில்லை. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் திரெவெல்யன் இந்தப் படவேலையே ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார், அது தனிக்கதை.

ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா 1888-ல் வந்து, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்று ஆன பிறகும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் "சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்பதுதான். ஸ்டுடியோக்காரர் எங்க அப்பாவிடம் சொன்னதும் அதேதான். இந்த ஒரு விதியால் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். திருவண்ணாமலையின் பழைய படங்கள் பெரும்பாலும் ஊருக்குக் கிழக்கே நின்று எடுத்தவை. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் காலையில்தான் வெயில் முதுகில் அடிக்கும். அதனால் படங்களில் மலைக்கு எப்போதும் காலை நேரம். கழனியில் இருப்பவர்கள் நிமிர்ந்து மலையைப் பார்க்கிற சாயங்கால மலை, கருத்த வெறும் உருவமாக நிற்கிற அந்த மலை, படத்தில் சிக்கவே இல்லை.

லென்ஸ் செய்கிறவர்களுக்கும் இது தலைவலிதான். ஜெய்ஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896-ல் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். ஆறு கண்ணாடி, காற்றைத் தொடும் பரப்பு 8. கணக்கில் அற்புதமான லென்ஸ். ஆனால் பரப்புக்கு 4 சதவீதம் என்று எட்டுத் தடவை கழித்தால் 28 சதவீதம் வெளிச்சம் காலி. இரண்டிரண்டு பரப்பாகச் சேர்த்தால் பேய்த்திட்டு விழ 28 வழி. 1902-ல் வந்த டெஸ்ஸாருக்கு நாலு கண்ணாடி, பரப்பு 6, பேய்க்கு 15 வழிதான். உலகம் டெஸ்ஸாரை வாங்கியது, பிளானார் அலமாரிக்குப் போனது. நல்ல அல்காரிதம் இருந்தும் ஹார்டுவேர் தாங்காமல் முப்பது நாற்பது வருஷம் காத்திருக்கும் கதைகள் என் தொழிலிலும் உண்டு.

தீர்வு அழுக்கிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் லென்ஸ் வடிவமைத்த ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர் 1890-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வருஷக்கணக்கில் கிடந்து மேலே கறை படிந்த பழைய லென்ஸ் புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது! எல்லோரும் தேய்த்துத் துடைக்கப் பார்த்த கறையை அவர் செயற்கையாக உண்டாக்கப் பார்த்து, 1904-ல் காப்புரிமை எடுத்தார். முறை நம்பகமாக வரவில்லை. 1935-ல்தான் ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். 4 சதவீதம் ஒன்றரைக்கு இறங்கியது. ஜெர்மனி ராணுவம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. போர் முடிந்த பிறகு அது எல்லோருடைய லென்ஸிலும் ஏறியது, பிளானாரும் அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. 1971-ல் பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சோடு லென்ஸ் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு நல்ல லென்ஸில் ஒரு பரப்பில் திரும்புவது அரை சதவீதத்துக்கும் கீழே.

இடையில் 1950 ஏப்ரலில் எங்க ஊருக்கு ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வந்திருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8:47-க்கு ரமணர் மறைந்தபோது வானத்தில் ஒரு ஒளி மெல்ல நகர்ந்து போனதைத் தான் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தின் மிகச் சிறந்த கேமராக்காரர் ஊரில் இருந்த ராத்திரி அது. அந்த ஒளிக்குப் படம் கிடையாது.

பூச்சு வந்துவிட்டது, சரி. ஆனால் அது வந்தது காசுள்ளவன் கேமராவுக்கு. சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டிய எளிய கேமராக்களில் லென்ஸ் அடிப்படையானது, நல்ல வெயிலில் முதுகுவெயில் வைத்து எடுத்தால் அழகாக வரும், அவ்வளவுதான். அப்பா செய்த தப்பு அந்த எல்லையைத் தாண்டியது. ஏன் தாண்டினார்? கேட்டேன். "மலை வேணும்னு நெனச்சேன்டா. அம்மாவும் மலையும் சேர்ந்து வரணும்னு."

இதற்குள் உலகம் ஃப்ளேரைப் பார்க்கிற பார்வையும் மாறிக்கொண்டிருந்தது. 1967-ல் 'கூல் ஹேண்ட் லூக்' படத்தில் கான்ராட் ஹால், கைதிகள் ரோடு வேலை செய்யும் காட்சிகளில் சூரியன் லென்ஸைத் தாக்குவதை அப்படியே விட்டார். வெயிலின் கொடுமை அப்போதுதான் பார்க்கிறவனுக்கு உறைத்தது. நமக்கு 1980-ல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. எதிர்வெயிலும் காலைப் பனியுமாக அசோக்குமார் எடுத்த அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. 1988-ல் பி.சி.ஸ்ரீராமின் 'அக்னி நட்சத்திரம்' வந்தபோது பாட்டுக்குப் பாட்டு லென்ஸில் வெளிச்சம் வெடித்தது, தியேட்டரில் விசில். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதாக அம்மா சொல்வார்: "இதையே நான் பண்ணுனப்ப திட்டுனாங்க."

என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். பேய்த்திட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது நேர்மையானது. திட்டு, படத்தின் மையம், சூரியன், மூன்றும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும். வெட்டாத முழு நெகட்டிவ் இருந்தால் திட்டிலிருந்து மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால் சூரியன் எந்தத் திசையில் நின்றது என்று தெரிந்துவிடும். எங்க கோடு இடது பக்கம், லேசாக மேல்நோக்கிப் போனது. மலையின் வடிவம் கிழக்கிலிருந்து பார்க்கிற ஒற்றை உச்சி. மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கம் போனால் மலை பல முகமாக விரிந்துவிடும், அது இல்லை. ஆக, மேற்கே பார்த்து, சாயங்காலம். சூரியன் மலைக்கு நன்றாக இடதே, அதாவது தெற்கே தள்ளி நிற்கிறது.

நம்ம ஊர் அட்சரேகையில் சூரியன் மறையும் இடம் டிசம்பரில் நேர்மேற்கிலிருந்து தெற்கே 24 பாகை, ஜூனில் வடக்கே 24 பாகை என்று ஊஞ்சலாடும். மாசி பங்குனியில் எடுத்திருந்தால் சூரியன் சட்டகத்துக்குள்ளேயே வந்திருக்கும் அல்லது நேர் மேலே இருந்திருக்கும். கோட்டின் சாய்வை வைத்துக் கணக்குப் போட்டால் கார்த்திகை ஆரம்பத்திலிருந்து தை பாதிக்குள் ஒரு நாள், மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். 

வீட்டில் இருந்த சண்டை இதுதான்: அப்பா "தீபத்துக்கு மாமா வந்தப்ப எடுத்தது" என்பார். அத்தை "இல்ல, பொங்கலுக்கு" என்பார். என் கணக்கு இரண்டையும் ஒத்துக்கொண்டது! டிசம்பர் 21-க்கு முன்னே 20 நாளும் பின்னே 20 நாளும் சூரியன் ஒரே பாதையில் போகும், அதனிடம் கேட்டால் பதில் வராது. தீர்த்துவைத்தது நெல். எதிர்வெயில் ஆயாவின் முகத்தைத்தான் மறைத்தது. முன்னால் நின்ற நெற்கதிர்களின் ஓரத்தில் வெளிச்சக் கோடு போட்டுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் கதிர்கள் முற்றித் தலைசாய்ந்திருக்கின்றன. கார்த்திகையில் சம்பா அப்படிச் சாயாது. பொங்கல்தான். போனில் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார் அத்தை, ஐம்பது வருஷம் காத்திருந்த மாதிரி.

இடத்தைக் கண்டுபிடிக்க, உச்சிக்கு இடது பக்கம் சின்னப் பல் மாதிரி தெரியும் கிழக்குக் கோபுரம் உதவியது. 217 அடி உயரம், நல்ல அடையாளம். உச்சிக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி நாம் நிற்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு செஞ்சி ரோட்டுப் பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். இடைவெளி பொருந்திய இடம் இப்போது பாதி வீட்டுமனை, மீதி இன்னும் நெல். தை மாதம் சாயங்காலம் 5 மணிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

அங்கே நின்று எடுத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், கழனியில் படம் எடுக்கும் நண்பர்களுக்கு உதவும். முதலில், லென்ஸின் மேல் மாட்டிய பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றுங்கள், அது இன்னும் இரண்டு பரப்பு. லென்ஸைத் துடையுங்கள், நெல் அறுக்கிற காலத்தில் தூசி சும்மா விடாது. சூரியன் சட்டகத்துக்கு வெளியே இருந்தால் லென்ஸின் முகத்தில் நிழல் விழ வைத்தால் போதும். ஹூட் போதாவிட்டால் கையை நீட்டி மறையுங்கள், கை படத்துக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். சூரியன் உள்ளேயே இருந்தால் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்து, ஓரத்தில் ஒரு துளி மட்டும் எட்டிப்பார்க்க விடலாம். அல்லது கேமராவை ஸ்டாண்டில் வைத்து இரண்டு படம்: ஒன்று சும்மா, இன்னொன்று விரலால் சூரியனை மறைத்து. இரண்டாவதில் கீழ்ப்பாதி சுத்தமாக இருக்கும், கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். கார்த்திகை தீபத்தன்று கிழக்கேயிருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும், தீபம் ஏற்றும்போது மலைக்குப் பின்னால் வானம் இன்னும் அணைந்திருக்காது.

நான் கையை நீட்டி லென்ஸை மறைத்து எடுத்த படத்தை அப்பா பார்த்தார். மலை, நெல், எல்லாம் தெளிவாக இருந்தது. "இவ்ளோதானா?" என்றார். ஆமாம், அவ்வளவுதான். ஜெய்ஸும் வேண்டாம், ஸ்மக்குலாவும் வேண்டாம். 1972 பொங்கலன்று யாராவது கேமராவுக்கு இடது பக்கம் ஒரு முறத்தைப் பிடித்திருந்தால் ஆயாவின் முகம் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

கடைசிக் கேள்வி. திரை என்பது கூடுதலாகச் சேர்ந்த வெளிச்சம். சேர்ந்ததைக் கழிக்கலாம் இல்லையா? நெகட்டிவின் அடர்த்தியை முதலில் உண்மையான வெளிச்ச அளவாக மாற்ற வேண்டும், பிறகு கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? படத்தில் கருப்பாகவே இருந்திருக்க வேண்டிய பொருள்களைத் தேடினேன். பின்னால் வரிசையாக ஆறு பனைமரம், எதிர்வெயிலில் அடிமரம் கிட்டத்தட்டக் கருப்பு. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அளந்து, இடையில் உள்ள இடத்துக்குக் கணக்கால் நிரப்பி, ஒரு திரை வரைபடம் செய்து கழித்தேன். ஒரு வாரம் ராத்திரி வேலை. ஆபீஸ் நண்பர் ஒருவர், "எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஏஐ-யில போட்டா முகத்தையே போட்டுத் தரும்" என்றார். தரும். யாரோ ஒரு அழகான பாட்டியின் முகத்தைத் தரும். எனக்கு அது வேண்டாம்.

வந்தது தெளிவான முகம் இல்லை. மண் தூவின மாதிரி ஃபிலிமின் துகள்கள், அதற்குள் நெற்றி, மூக்கு, திறந்த வாய். பேசிக்கொண்டிருக்கிறார். தோளுக்குப் பக்கத்தில் இத்தனை நாளும் கறை என்று நினைத்தது அவருடைய கை. தூக்கிக் காட்டுகிறார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்தப் பக்கம் வந்து எடுடா, வெயில் அங்கருந்து அடிக்குதுன்னு சொல்றாங்க. நான்தான் கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டிருந்தா மலை வந்திருக்காது" என்றார்.

அத்தைக்கு ஒரு பிரிண்ட் அனுப்பியிருக்கிறேன். பழைய வெளுத்த படமும் கூட வேண்டும் என்று கேட்டதால் அதையும் சேர்த்து.